புன்னையடிச் சங்கத்தின் கைத்துப்பாக்கி

லண்டனில் ஒரு தமிழ்ச் சங்கம் வளர்ந்து ஆளாகிவிட்டது என்பதற்கு அடையாளம், அது இரண்டாக உடைவதுதான். புன்னையடி மகா வித்தியாலயப் பழைய மாணவர் சங்கம் மிகச் சிறு வயதிலேயே அந்தப் பக்குவத்தை அடைந்தது. கொள்கை வேறுபாடு என்று இரண்டு தரப்பும் சொல்கின்றன. ஆண்டு விழாவில் முன்வரிசையில் யார் உட்காருவது என்பதும் கொள்கைதானே. உடைந்த அன்று மற்றத் தரப்பு பாடசாலைக் கொடியையும் வெற்றிக் கிண்ணங்களையும் ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எஞ்சியவர்களுக்கு மிஞ்சியது தேநீர்க் கொதிகலன் ஒன்றும் தலைவர் இராஜேந்திரனும்தான்.

இந்தக் கதை கொதிகலன் தரப்பைப் பற்றியது.

கோடை தொடங்கும் நேரத்தில், மிச்சம் என்ற பகுதியில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அவசர நிர்வாகக் குழுக் கூட்டம் நடத்தினார்கள். அவசரம் என்னவென்றால், மற்றத் தரப்பின் மெய்வல்லுநர் போட்டி முந்தின ஞாயிறு நடந்து முடிந்திருந்தது. அங்கே ஓட்டப் போட்டிகளைக் கைத்துப்பாக்கியால் வெடி வைத்து ஆரம்பித்திருக்கிறார்கள். கொதிகலன் தரப்பில் அந்த வேலையை இத்தனை வருடமும் தியாகராஜாதான் செய்துவந்தார், விசிலால்.

தியாகராஜா ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளர். நல்ல மனிதர். கூட்டங்களுக்கு முதலில் வந்து கதிரை அடுக்குவார், கடைசியில் நின்று கதிரை மடிப்பார். இடைப்பட்ட நேரத்தில் யார் என்ன பேசினாலும் தலையாட்டுவார். இப்படிப்பட்டவர்கள் இல்லாவிட்டால் உலகத்தில் ஒரு சங்கமும் நிலைக்காது.

"அவை வெடி வைக்கினம், நாங்கள் பஸ் கொண்டக்டர் மாதிரி விசிலடிக்கிறம்," என்றார் தலைவர் எழுந்து நின்று. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் எண்டுதான் வெள்ளைக்காரன் எங்களை நினைச்சுக்கொண்டிருக்கிறான். அந்த எண்ணத்தை மாத்த வேண்டிய வரலாற்றுக் கடமை எங்கட சங்கத்துக்கு இருக்குது."

பலத்த கைதட்டல். கைதட்டியவர்களில் பெரும்பாலானோர், துப்பாக்கிக்குப் பயந்து ஓடி வந்தோம் என்று இந்த நாட்டு அரசாங்கத்துக்கு எழுத்தில் கொடுத்து, அதன் பேரில் இங்கே தங்கியிருப்பவர்கள். தலைவரும் அதில் அடக்கம்.

தியாகராஜாவுக்கு அந்த நேரத்தில் தன் மனைவி சிவகௌரியின் ஞாபகம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? கலியாணமான புதிதில் சிவகௌரி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வெடிச்சத்தம் மட்டும் வீட்டுக்குள்ள வர வேண்டாம்." அந்த வீட்டில் பிறந்தநாளுக்குக்கூட பலூன் கட்டியதில்லை. நவம்பர் மாதம் ஊர் முழுக்க வாணம் விடுகிற நாட்களில் சிவகௌரி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். தியாகராஜா கீழே தரையில் உட்கார்ந்து, பெற்றோல் நிலையத்துக்கு வந்த வாடிக்கையாளர்களைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி கேட்காது. இரண்டு பேருக்கும் அது பெரிய விஷயமில்லை.

அதே சிவகௌரிக்கு வருடத்தில் ஒருநாள் கொண்டாட்டம் என்றால் அது இந்த மெய்வல்லுநர் போட்டிதான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவர், அன்று தேநீரும் ரோல்ஸும் விற்கும் மேசைக்கு ராணி. பெண்களுக்கான தேசிக்காய் ஓட்டத்தில் கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு முதலாவதாக வருவார். கறிக்கு வாங்கிய தேசிக்காயைக் கரண்டியில் வைத்துக் குசினிக்கும் முன்னறைக்கும் நடந்து பழகுவதை அவர் நிறுத்துவதேயில்லை.

ஆகவே தியாகராஜா கையை உயர்த்தி, "என்ர மனுசிக்கு வெடிச்சத்தம் ஏலாது, விசிலே இருக்கட்டும்," என்று சொல்லியிருக்கலாம். கையையும் பாதி உயர்த்திவிட்டார். அதைப் பார்த்த தலைவர், "தியாகுவே முன்வாறார்! இவரை எங்கட சங்கத்தின் ஓட்ட ஆரம்ப அதிகாரியா நியமிக்கிறம்," என்றார். மண்டபம் கைதட்டியது. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து தியாகராஜாவுக்கு யாரும் கைதட்டியதில்லை. அவர் உயர்த்திய கையால் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான், சொல்ல வந்ததைச் சொல்லவில்லை என்பது உறைத்தது. ஆனால் அதற்குள் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த தீர்மானம், துப்பாக்கித் தெரிவு உபகுழு அமைப்பது. இதற்குத் தொழில்நுட்ப ஆலோசகராக முருகேசனைப் போட்டார்கள். முருகேசன் தஞ்சாவூர்க்காரர், கணினிப் பொறியாளர். புன்னையடிப் பாடசாலையை அவர் கண்ணால் கண்டதில்லை. அங்கே படித்த பெண்ணைக் கட்டிய குற்றத்துக்காகச் சங்கத்தில் இருந்தார். அவர் மடிக்கணினியைத் திறந்து, அமெரிக்காவில் தாடி வைத்த ஒருவர் பேசும் காணொளிகளைப் போட்டுக் காட்டினார். அன்றாடம் இடுப்பில் செருகிக்கொள்ள உகந்த கைத்துப்பாக்கி எது, பிடி எப்படி இருக்க வேண்டும், பாரம் எவ்வளவு தாங்கும் என்று தாடிக்காரர் விளக்கினார். சங்கம் வாங்கப்போவது ஓட்டப் போட்டிக்குச் சத்தம் மட்டும் போடுகிற ஒரு சாமான். அதிலிருந்து குண்டு வராது. ஆனாலும் குழு அந்தக் காணொளிகளைத் தேவாரம் கேட்பதுபோலக் கேட்டது.

"பெல்ட்டு உறுதியா இருக்கணும்னு சொல்றார்," என்றார் முருகேசன்.

"வேட்டியில நிக்குமோ?" என்று தலைவர் கேட்டார். "திறப்பு விழாவுக்கு நான் வேட்டிதான் கட்டுவன்."

தாடிக்காரர் வேட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அது அமெரிக்கர்களின் குறுகிய பார்வை என்று பதிவு செய்யப்பட்டது.

பிறகு நிறம். உண்மைத் துப்பாக்கி என்று யாரும் நினைக்காதபடி பளிச்சென்ற நிறத்தில் வாங்க வேண்டும் என்று சங்கத்தின் சட்ட ஆலோசகர் மேனுஷா சொன்னாள். இங்கேயே பிறந்து வளர்ந்த இளம் வழக்கறிஞர் அவள். பாடசாலை நிறங்களான சிவப்பும் மஞ்சளும் அடிக்கலாம் என்றார் ஒருவர். அந்த இரண்டு நிறமும் சேர்ந்தால் உலகம் வேறு மாதிரி விளங்கிக்கொள்ளும் என்றார் இன்னொருவர். நீலமும் வெள்ளையும் எதிரிப் பாடசாலையின் நிறம். கடைசியில், அரசியல் கலப்பில்லாத நிறம் என்று செம்மஞ்சளைத் தெரிவு செய்தார்கள். "எங்க ஊர்ல அதுவும் அரசியல்தாங்க," என்று முருகேசன் முணுமுணுத்தது குறிப்பில் ஏறவில்லை.

துப்பாக்கி வந்து சேர்ந்ததும் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டலாம் என்றாள் மேனுஷா. தலைவர் சிரித்தார்.

"பூட்டி வைச்ச கிண்ணங்களை என்ன செய்தவை? பெட்டியோட தூக்கினவை! இனிச் சங்கத்தின்ர சொத்து ஒரு மனுசன்ர உடம்போட இருக்க வேணும். அவர் நித்திரை கொள்ளேக்கயும் அது பக்கத்தில இருக்க வேணும். தியாகு, நீர் அதை எந்த நேரமும் கொண்டு திரிய வேணும்."

"அண்ணை, நான் பெற்றோல் ஸ்டேஷனில வேலை செய்யிறன்," என்றார் தியாகராஜா.

"அங்க கள்ளர் வாறவங்கள்தானே. உமக்கும் ஒரு பாதுகாப்பு."

"அங்கிள், பப்ளிக்கில இதைக் கொண்டு திரியிறது ஒஃபென்ஸ்," என்றாள் மேனுஷா. "போட்டி நடக்கிற அண்டைக்குக் கொண்டுபோனா ரீசன் சொல்லலாம். டெய்லி கொண்டுபோனா தியாகு அங்கிளை அரெஸ்ட் பண்ணுவாங்கள். சீரியஸா சொல்லுறன்."

"பிள்ளையின்ர சட்ட அறிவைப் பாத்தீங்களோ!" தலைவர் கண்கள் பனித்தன. "இதுக்காகத்தான் நாங்கள் இந்த நாட்டில குளிருக்க கஷ்டப்பட்டது. மேனுஷாவுக்கு ஒரு நன்றித் தீர்மானம்."

நன்றித் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதற்கு அடுத்ததாகத் தியாகராஜா துப்பாக்கியை எந்நேரமும் உடன் கொண்டு திரிய வேண்டும் என்ற தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது.

அன்றிலிருந்து தியாகராஜா ஒரு குற்றவாளியின் வாழ்க்கையை வாழத் தொடங்கினார். இடுப்பில் செருகிப் பார்த்தார். நிமிர்ந்தால் தெரிந்தது, குனிந்தால் வலித்தது. கடைசியில் சாப்பாட்டுப் பைக்குள், புட்டுப் பெட்டிக்குக் கீழே வைத்தார். வீட்டில் இருக்கும்போது, தான் பல காலமாகக் காலில் போடாத கறுப்புச் சப்பாத்து ஒன்றினுள் தள்ளி, வாசல் அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார். காலையில் சிவகௌரி பையைக் கையில் கொடுத்து, "கத்தரிக்காய்ப் பொரியல் தனியா வைச்சிருக்கிறன், மறந்திடாதேங்கோ," என்பார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் தியாகராஜா சப்பாத்துக்குள் கையை விடுவார். இப்படி ஒரு மனுசி சமைத்துத் தர, அதற்கு அடியில் இதை ஒளித்துக்கொண்டு போகிறோமே என்று அவருக்கு அழுகை வரும். புட்டு இறங்காது. இறங்காத புட்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனால் அவள் கவலைப்படுவாளே என்று, பெற்றோல் நிலையத்தின் பின்னால் புறாக்களுக்குப் போட்டார். அதுவும் ஒரு குற்றமாக மனதில் ஏறியது.

ட்ராமில் ஒரு பொலிஸ்காரப் பெண் ஏறினால் தியாகராஜா இறங்கிவிடுவார். இறங்கி, மழையில் நடப்பார். வேலைக்குப் பிந்திப் போய்ப் பொய் சொல்வார். ஒருநாள் அந்தப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்து, "காலை வணக்கம்" என்று ஆங்கிலத்தில் சொன்னபோது அவர் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். பிறகு கம்பியைப் பிடிப்பதுபோல நடித்தார்.

வெள்ளிக்கிழமை லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போனார்கள். தியாகராஜாவின் கால்கள் வாசலோடு நின்றுவிட்டன. பையோடு எப்படி உள்ளே போவது? வயிற்றுக்குள் சரியில்லை என்றார். சிவகௌரி பதறிப்போய்த் தனியாக உள்ளே போனார், அவர் பெயருக்கு அர்ச்சனை செய்வித்துத் திருநீறு கொண்டுவந்து நெற்றியில் பூசினார். வீட்டில் இஞ்சியும் மல்லியும் அவித்துத் தந்தார்.

"சாப்பாடும் வடிவாச் சாப்பிடுறேல்லைப் போல. மெலிஞ்சுபோனீங்கள்," என்றார்.

"வேலையில கொஞ்சம் பிரச்சினை கௌரி."

"பிரச்சினை எண்டா என்னட்டச் சொல்லுங்கோ."

அவர் மல்லித்தண்ணீரைக் குடித்தார்.

இதற்கிடையில் சங்கத்தில் ஒரு நெருக்கடி. முதல் வெடியைத் தானே வைப்பதாகத் தலைவர் அறிவித்திருந்தார். ஆனால் அவருடைய விரல்களில் மூட்டுவாதம். ஒத்திகையில் அவர் முகம் சிவக்க இழுத்தும் விசை அசையவில்லை. வேறு யாராவது சுடலாம் என்று சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை. ஆகவே விசை இலகுவாக்கல் உபகுழு என்ற புதிய குழு பிறந்தது. முருகேசன் துப்பாக்கியை ஒரு வாரம் தன் கராஜுக்குக் கொண்டுபோனார். தாடிக்காரரின் வேறு காணொளிகளைப் பார்த்து, உள்ளே எதையோ தேய்த்து, எதையோ மாற்றிக் கொண்டுவந்தார். அந்த ஒரு வாரம் மட்டும் தியாகராஜா வயிறாரப் புட்டுச் சாப்பிட்டார்.

"இப்ப பாருங்க, பூ மாதிரி இருக்கும். தொட்டாப் போதும்," என்று முருகேசன் கூட்டத்தில் அதைத் தலைவரிடம் நீட்டினார்.

தலைவர் அதை வாங்கி உயரப் பிடித்தார். "இந்த விசை மென்மையாக்கப்பட்டதில ஒரு பெரிய தத்துவம் இருக்குது," என்று ஆரம்பித்தார். "தலைமை எண்டது பலத்தில இல்லை. ஒரு விரலை அசைச்சாச் சனம் ஓட வேணும்..."

அந்தச் சொல்லுக்கு விரல் கொஞ்சம் அசைந்தது. மண்டபம் அதிர வெடித்தது.

புகை கலைந்தபோது மேசையைச் சுற்றி முருகேசனும் மேனுஷாவும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மற்றக் கதிரைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன.

"என்னங்க ஆச்சு? எல்லாரும் எங்க போயிட்டீங்க?" என்றார் முருகேசன்.

எல்லோரும் மேசைக்குக் கீழே இருந்தார்கள். சங்கம் உடைந்ததிலிருந்து இவ்வளவு ஒற்றுமையாக ஒரே திசையில் அவர்கள் செயற்பட்டதில்லை. தியாகராஜா குப்புறக் கிடந்து கண்ணைத் திறந்தபோது, ஒரு சாண் தூரத்தில் தலைவரின் முகம் இருந்தது. கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. அது கூட்டங்களில் கண்ட முகம் அல்ல. பதின்வயதுப் பையனின் முகம்போல இருந்தது.

"முடிஞ்சுதோ?" என்று தலைவர் மெதுவாகக் கேட்டார்.

"ஓம் அண்ணை. முடிஞ்சுது," என்றார் தியாகராஜா.

தலைவர் எழுந்து வேட்டியைத் தட்டி, கதிரையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார். அவர் மறுபடியும் தலைவராகிவிட்டார். "சத்தம் தரமானது," என்றார். செயலாளர் செபமாலைமுத்து கீழேயிருந்து பேனாவைத் தேடியெடுத்துக் கூட்டக் குறிப்பில் எழுதினார்: 'வெடியின் ஓசை திருப்திகரமாக அமைந்தது. அவ்வேளையில் உறுப்பினர்கள் மண்டபத் தரையின் துப்புரவைப் பார்வையிட்டார்கள்.' துப்புரவு நன்றாக இருந்ததென்று ஒருவர் வழிமொழிந்தார்.

தியாகராஜா எல்லோருடைய முழங்கால்களிலும் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்தார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தார்.

"அண்ணை, எங்களுக்கே இப்பிடி எண்டா... அங்க பொம்பிளையள் வருவினம், வயசுபோன சனம் வரும். அவை தாங்குவினமோ?"

"அதுதான் முக்கியம் தியாகு!" தலைவர் மேசையில் தட்டினார். "அவை பழக வேணும். பழக்கத்தான் சங்கம். பயத்தை நாங்கள் வீடுகளுக்குள்ள வைச்சிருக்கிறம், அதைப் பொது இடத்துக்குக் கொண்டுவர வேணும். போட்டி வரைக்கும் துவக்கு தயார் நிலையில இருக்கட்டும், தோட்டா போட்டபடி. நான் போன் எடுத்துக் கேப்பன்."

தியாகராஜா உட்கார்ந்தார். அந்தச் சத்தத் தோட்டாவை வெளியே எடுத்து வைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தலைவர் தொலைபேசியில் கேட்டால் பொய் சொல்ல வேண்டிவரும். ஏற்கெனவே வீட்டில் ஒரு பொய் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பொய்களைச் சமாளிக்கும் ஆற்றல் தன்னிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். தலைவரிடம் உண்மையாக இருந்தார்.

போட்டிக்கு முதல் நாள் சனிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து தியாகராஜா முன்னறையில் இருந்தார். இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்கு அவள் ரோல்ஸ் மேசையில் நிற்கும்போது அது வெடிக்கும். இன்றைக்கே, இப்போதே, தேநீர் குடித்ததும் சொல்லிவிடுவது என்று உறுதியாக முடிவெடுத்தார். குசினிக்குள் சிவகௌரி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தார்.

தொலைபேசி அடித்தது. தலைவர். அணிநடையில் தான் எத்தனையாவதாக நடப்பது என்பதை விரிவாகச் சொல்லத் தொடங்கினார். மற்றத் தரப்பின் தலைவர் கைகட்டி நடந்ததாகக் கேள்வி, ஆகவே தான் கைவீசி நடக்கப்போவதாகச் சொன்னார்.

"இஞ்சாருங்கோ," என்று குசினியிலிருந்து சிவகௌரி குரல் கொடுத்தார். "நாளைக்கு நீங்கள்தானாமே அதிகாரி! செபமாலையண்ணையின்ர மனுசி சொன்னவ. என்னட்ட ஒரு சொல்லுச் சொன்னீங்களோ? உந்தப் பழஞ்செருப்போட போக வேண்டாம். கறுப்புச் சப்பாத்தை எடுத்து வந்திட்டன், துடைச்சு வைக்கிறன்."

சப்பாத்துக்கு மெருகு பூசுகிறவர்கள் முதலில் ஒரு கையை அதற்குள் விட்டுப் பிடித்துக்கொள்வார்கள். தியாகராஜா கதிரையிலிருந்து எழுந்து வாயைத் திறப்பதற்குள் அந்தக் கை உள்ளே போய்விட்டது. விசை பூப்போலத்தான் இருந்தது.

அவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது குசினி நிறையப் புகை மணம். விரித்து வைத்த பத்திரிகைத் தாளில் சப்பாத்து கவிழ்ந்து கிடந்தது. சிவகௌரி மேசைக்குக் கீழே இருந்தார். தியாகராஜாவின் கால் தெரிந்ததும் அதை எட்டிப் பிடித்து, எங்கிருந்து வந்த பலமோ, அவரைக் கீழே இழுத்து விழுத்தினார். அவருடைய தலையைத் தன் மடிக்குள் அமுக்கி, அதன் மேல் இரண்டு கைகளையும் விரித்துப் பொத்தினார். ஒரு கையில் வெடிமருந்தின் கரி ஒட்டியிருந்தது.

"சத்தம் போடாதேங்கோ. தலையை நிமித்தாதேங்கோ," என்றார் காதோடு.

"கௌரி, ஒருத்தரும் வரேல்லை."

"அப்ப ஆர் சுட்டது?"

சங்கம் தீர்மானித்தது என்று சொல்லலாம். உபகுழு தெரிவு செய்தது, முருகேசன் விசையைத் திருத்தினார், தலைவர் தோட்டா போடச் சொன்னார் என்றும் சொல்லலாம். எல்லாம் உண்மை.

"நான்தான்," என்றார். "நான்தான் இந்தத் துவக்கை வீட்டுக்குள்ள கொண்டுவந்து வைச்சனான். நாளைக்கு ஓட்டத்துக்குச் சுடுறதுக்கு. மாசக்கணக்கா வைச்சிருக்கிறன்."

சிவகௌரி அவருடைய தலையைப் பொத்தியிருந்த கைகளை எடுத்தார். முதலில் ஒன்றை, பிறகு மற்றதை. அந்தச் சிறிய மேசைக்குக் கீழே எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு தூரம் விலகி, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

தொலைபேசி தரையில் கிடந்து பேசிக்கொண்டிருந்தது.

"தியாகு? லைனில நிக்கிறீரோ? வெடிச்ச மாதிரிக் கேட்டுது. என்ன நடந்தது? துவக்குக்கு ஏதும் பழுதோ?"

தியாகராஜா கையை நீட்டி அதை எடுத்தார்.

"இல்லைத் தலைவர்," என்றார். "துவக்குக்கு ஒண்டும் நடக்கேல்லை."